இடம் போதாதென்று எதை எறிகிறோம்?



சென்ற இதழின் கணனி மூலையில் கடவுச்சொற்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு ரெலிபோனில் பேசியவர்களில் பலர் வேறொரு கேள்வியைத்தான் கேட்டார்கள். "போனில் இடமில்லை என்று வருகிறது, எதை அழிக்கலாம்?" கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், தமது கடைக் கணனியிலும் அதே செய்தி வருகிறது, மிகப் பெரிய கோப்பு ஒன்று கிடக்கிறது, அதை எறிந்துவிடவா என்று கேட்டார். "அண்ணை, அதிலை மட்டும் கை வையாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறம்" என்று சொல்லி அவரைத் தடுத்தோம்.

ஏன் அப்படிப் பதறினோம் என்றால், அதே தவறை நாங்களே ஒருமுறை செய்திருக்கிறோம். அந்தக் கதையையும் அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இம்முறை எழுதுகிறோம். நாங்கள் கணனி படித்தவர்கள் அல்லர். ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இங்கே சுவிசில் உணவுப் பொதிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. உடைத்தும் திருத்தியும் பழகியதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரு சனிக்கிழமை

எங்கள் ஊர்த் தமிழ்ப் பாடசாலையில் ஒரு கணனி இருக்கிறது. 2011ஆம் ஆண்டு, இப்போது வேறு மாநிலத்துக்குப் போய்விட்ட ஒரு சகோதரர் அதில் லினக்ஸ் போட்டு, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை அமைத்துத் தந்தார். பிள்ளைகளின் அனுமதிப் படிவங்கள், பரீட்சைப் புள்ளிகள், ஆசிரியர்களின் வரவு எல்லாம் அதற்குள்தான். படிவங்களையும் சான்றிதழ்களையும் ஸ்கான் செய்து, அந்தப் படங்களையும் தரவுத்தளத்துக்குள்ளேயே போட்டு வந்தோம். வருடங்கள் போகப் போக 120 ஜிகாபைட் டிஸ்க் நிறைந்துகொண்டே வந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

2022 கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. பரீட்சைக்குப் பெயர் பதிய வேண்டிய கடைசி நாள். வாசலில் பெற்றோர் வரிசை. கணனியோ புதிய பெயரை ஏற்க மறுத்தது. டிஸ்கில் இடமில்லை என்று செய்தி.

உண்மையில் அதற்கு முந்தின கிழமையே எச்சரிக்கை வந்திருந்தது. அப்போது நாங்கள் கூடிப் பேசி, படித்து முடித்துப் போன பழைய மாணவர்களின் ஸ்கான் படங்களை அழித்தோம். ஆயிரக்கணக்கான படங்கள். ஆனால் டிஸ்கில் ஒரு மெகாபைட் இடம்கூடக் கூடவில்லை! "கணனி பழசு, கணக்குத் தெரியாமல் நிற்குது" என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

அன்று வரிசை நீள நீள, எங்களில் ஒருவர் டிஸ்கில் மிகப் பெரிய கோப்பு எது என்று தேடினார். ஐபிடேட்டா1 என்ற பெயரில் ஒரு கோப்பு 81 ஜிகாபைட் பிடித்துக்கொண்டு கிடந்தது. பெயரைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. படங்களை எல்லாம் போன கிழமையே அழித்துவிட்டோம், ஆகவே இது அழித்த குப்பையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். நிர்வாகியின் கடவுச்சொல் திரைக்குப் பின்னால் காகிதத்தில் ஒட்டியிருந்தது. (சென்ற இதழில் அதைப் பற்றி ஏன் அவ்வளவு காரமாக எழுதினோம் என்று இப்போது விளங்கியிருக்கும்.) அவர் அந்தக் கோப்பை அழித்தார். கணனி மறுபேச்சில்லாமல் அழித்தது.

அப்போதும் இடம் கூடவில்லை. 81 ஜிகாபைட் கோப்பு போயிருக்கிறது, டிஸ்க் இன்னும் நிறைந்தே இருக்கிறது. "ஒருக்கால் நிப்பாட்டிப் போட்டால் சரிவரும்" என்று அவர் ஆளியை நோக்கிக் கையை நீட்டினார்.

அந்த நேரத்தில் மண்டபத்துக்குள் வந்தவர் எங்கள் பழைய மாணவர் ஒருவர். தம்பி இங்கேயே வளர்ந்து கணனித்துறையில் வேலை செய்பவர், தங்கையைக் கூட்டிப்போக வந்திருந்தார். திரையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"அண்ணை, கையை எடுங்கோ! மெசினை நிப்பாட்டாதேங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ."

"ஏன் தம்பி, குப்பையைத் தானே எறிஞ்சனாங்கள்?"

"அது குப்பை இல்லை அண்ணை. அதுதான் பள்ளிக்கூடம்."

இறாக்கையும் பெட்டியும்

அவர் அன்று விளக்கியதை எங்கள் தொழிற்சாலைப் பாஷையில் சொல்கிறோம். பண்டகசாலையில் கூரை வரை உயரமான இறாக்கைகள் நிற்கின்றன. அவற்றில் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பெட்டிகளை இறக்கி அனுப்பிவிட்டால் இறாக்கை வெறுமையாகும். ஆனால் இறாக்கை நிற்கும் நிலம் வெறுமையாவதில்லை. நாளைக்கு வரும் பெட்டிகளுக்காக அது அப்படியே நிற்கும்.

தரவுத்தளமும் இப்படித்தான். உள்ளே ஒரு பெயரையோ படத்தையோ அழித்தால், கோப்புக்குள் அந்த இடம் வெறுமையாகும். அடுத்துப் பதியும் விவரம் அங்கே போய் உட்காரும். ஆனால் கோப்பு தானாகச் சுருங்கி டிஸ்குக்கு இடத்தைத் திருப்பிக் கொடுக்காது. இது பிழையல்ல. ஒவ்வொரு முறையும் இறாக்கையைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே முதற்கிழமை நாங்கள் செய்த அழிப்பு வீண்போகவில்லை. புதிய பெயர்களுக்கு உள்ளே வேண்டிய இடம் இருந்திருக்கும். ஆனால் மென்பொருள் வேலை செய்வதற்குப் பக்கத்தில் தற்காலிகக் கோப்புகளும் பதிவேடுகளும் எழுத வேண்டும். அதற்கு வெளியே இடம் இல்லாததால்தான் அது திணறியது.

எங்கள் கணனியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த மென்பொருளின் பழைய அமைப்பில் எல்லா அட்டவணைகளும் ஐபிடேட்டா1 என்ற ஒரே கோப்புக்குள் போகும். 2013இல் வெளியான 5.6 பதிப்பிலிருந்துதான் அட்டவணைக்கு ஒரு கோப்பு என்பது வழமையாக்கப்பட்டது. எங்களுடையது 2011ஆம் ஆண்டு அமைப்பு. பிறகு புதிய பதிப்பு போட்டாலும், பழைய அட்டவணைகள் தாமாக வெளியே வருவதில்லை. ஆகவே பிள்ளைகள், புள்ளிகள், ஆசிரியர்கள் எல்லாமே அந்த ஒரே கோப்புக்குள்தான் இருந்தார்கள். அதைத்தான் அழித்திருந்தோம்.

அழித்தும் போகாத கோப்பு

அப்படியானால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. இங்கேதான் லினக்சின் ஒரு குணம் எங்களைக் காப்பாற்றியது.

லினக்சில் ஒரு கோப்பை அழிக்கும்போது முதலில் போவது அதன் பெயர்தான். வேறொரு மென்பொருள் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அது கையை விடும்வரை உள்ளடக்கம் டிஸ்கிலேயே இருக்கும். வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டோம். ஆனால் வீட்டுக்குள் ஆள் இருக்கிறது, வீடு நிற்கிறது. 81 ஜிகாபைட்டை அழித்தும் இடம் கூடாததற்குக் காரணம் இதுதான். மைஎஸ்கியூஎல் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. கணனியை நிற்பாட்டியிருந்தால் அது கையை விட்டிருக்கும். அந்த நிமிடமே பதினொரு வருடப் பதிவும் போயிருக்கும். ஆளிக்கும் விரலுக்கும் இடையில் ஒரு சாண் தூரம்தான் இருந்தது.

விண்டோசில் ஒரு மென்பொருள் திறந்து வைத்திருக்கும் தரவுத்தளக் கோப்பைச் சாதாரணமாக அழிக்க விடாது. "பாவனையில் உள்ளது" என்று சொல்லித் தடுக்கும். அந்தத் தடுப்பை மீறுவதற்காக மென்பொருளை நிறுத்திவிட்டு அழிப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே பிறகு காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது.

தம்பி செய்தது இதுதான். முதலில் எவரும் புதிதாக எதையும் பதியாதபடி நிறுத்தினார். லினக்ஸ் இறக்கி வைத்திருந்த பழைய நிறுவல் பொதிகளை அழித்துக் கொஞ்சம் மூச்சுவிட இடம் எடுத்தார். பிறகு வெளியே இருந்து ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைப் பூட்டி, மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவியால் தரவுத்தளம் முழுவதையும் அந்த டிஸ்கில் எழுத வைத்தார். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளிடமே "உன்னிடம் இருப்பதையெல்லாம் வாசி, நான் எழுதிக்கொள்கிறேன்" என்று கேட்பது போன்றது அது.

எழுதி முடிய மாலையாகிவிட்டது. ஆனால் அவர் அப்போதும் கணனியை நிற்பாட்ட விடவில்லை. "எழுதினது சரியோ எண்டு தெரியாமல் நிப்பாட்டக் கூடாது" என்றார். அந்தப் பிரதியைத் தமது வீட்டுக் கணனியில் ஏற்றிப் பார்க்க எடுத்துக்கொண்டு போனார்.

இதற்கிடையில் அப்வார்ட் வந்துவிட்டார். மண்டபம் எங்களுடையதல்ல, ஊராட்சியின் கட்டடம். மாலையில் மின்சாரத்தை நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவார். எங்கள் அரைகுறை ஜெர்மனில், "இந்தக் கணனி இன்றிரவு அணைந்தால் எங்கள் பிள்ளைகளின் பதிவு எல்லாம் போய்விடும்" என்று விளக்கினோம். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. முகங்களைப் பார்த்து விளங்கியிருப்பார். திறப்பைத் தந்துவிட்டுப் போனார். எங்களில் இருவர் அன்றிரவு கதிரைகளை அடுக்கி அந்தக் கணனிக்குப் பக்கத்திலேயே படுத்தோம். யாரும் வயரில் தடக்கிவிடாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஒரே வேலை.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தம்பி போன் எடுத்தார். பிள்ளைகளின் எண்ணிக்கை, புள்ளிகளின் எண்ணிக்கை, ஆசிரியர் வரவு எல்லாம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது என்றார். அதன் பிறகுதான் நிற்பாட்டினோம். பிறகு அட்டவணைக்கு ஒரு கோப்பு என்ற புதிய அமைப்பில் எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றினோம். 81 ஜிகாபைட் பிடித்திருந்தது 34 ஆகக் குறைந்தது. மிகுதி முழுவதும் வெறும் இறாக்கைகள்.

இந்தப் பாடு எதற்காக என்று சிலர் கேட்கலாம். எங்களோடு கற்பிக்கும் ஒரு அக்கா அப்போது எஃப் அனுமதியில் இருந்தார். பி அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்காக, 2014இலிருந்து சம்பளமில்லாமல் தமிழ் கற்பிக்கிறார் என்று வருட வாரியாக ஒரு கடிதம் கேட்டிருந்தார். எத்தனை சனிக்கிழமைகள் வந்தார் என்பது அந்தக் கணனியில் மட்டும்தான் இருந்தது. ஊரில் இருந்து வரும்போது எங்களில் பலர் பிறப்புச் சான்றிதழ்கூட இல்லாமல் வந்தவர்கள். ஒரு காகிதம் இல்லாததால் படும் பாடு எங்களுக்கு மற்றவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கிழமையே அக்காவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தோம்.

இடம் குறைந்தால் செய்ய வேண்டியவை

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். கீழே உள்ள ஒழுங்கை வெட்டி எடுத்துக் கணனிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கடவுச்சொல்லை ஒட்டிய இடத்தில் இதை ஒட்டலாம்!

1. எதையும் அழிக்க முன் நில்லுங்கள். திரையில் வந்த செய்தியைப் போனில் படம் எடுங்கள். தவறுதலாக எதையாவது அழித்துவிட்டீர்கள் என்றால் கணனியை நிற்பாட்டாதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

2. எங்கே இடம் போயிருக்கிறது என்று பாருங்கள். லினக்சில் டிஎஃப் என்ற கட்டளை டிஸ்க் முழுவதன் கணக்கைச் சொல்லும். டியூ என்ற கட்டளை கோப்புறை வாரியாகக் கூட்டிச் சொல்லும். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால், அழிக்கப்பட்டும் இன்னும் திறந்திருக்கும் கோப்பு ஒன்று இருக்கக்கூடும். அன்று எங்களுக்கு இருந்தது அதுதான்.

3. உண்மையான குப்பையை முதலில் எடுங்கள். இறக்கிய நிறுவல் பொதிகள், குப்பைத் தொட்டிக்குள் கிடப்பவை, இயக்க முறைமையின் பழைய தற்காலிகக் கோப்புகள், ஆண்டு விழா வீடியோக்கள். வீடியோக்களை அழிக்க வேண்டாம், வெளி டிஸ்குக்கு மாற்றுங்கள். தரவுத்தளத்தில் கை வைக்காமலே பல நேரம் இதில் போதிய இடம் கிடைத்துவிடும்.

4. தரவுத்தளத்தின் கோப்புறைக்குள் கையால் எதையும் அழிக்காதீர்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகளில் ஐபி_லொக்ஃபைல் என்று ஒரு கோப்பு இருக்கும். "லொக்" என்று இருப்பதால் பழைய நாட்குறிப்பு என்று நினைத்து அழிப்பவர்கள் உண்டு. அது மின்சாரம் போனால் தரவுத்தளம் தன்னைத் தானே சரிப்படுத்திக்கொள்ள வைத்திருக்கும் பதிவு. அதை எறிந்துவிட்டால் தரவுத்தளம் எழும்பாமலே போகலாம்.

5. பின்லொக் எனப்படும் மாற்றப் பதிவுகள் வேறு. 8.0 பதிப்பிலிருந்து இவை கேட்காமலே எழுதப்படும், வழமையாக 30 நாட்கள் வைத்திருக்கப்படும். இவை பெருத்துவிட்டால் குறைக்கலாம். ஆனால் கோப்பை அழிக்காமல், பர்ஜ் பைனரி லொக்ஸ் என்ற கட்டளையை மென்பொருளுக்குக் கொடுங்கள். தன் பட்டியலில் இருந்தும் அது ஒழுங்காக நீக்கிக்கொள்ளும்.

6. உள்ளே எதையாவது அழிக்க முன் வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள். நிறைந்த டிஸ்கிலேயே பிரதி எடுத்து இருக்கிற கொஞ்ச இடத்தையும் முடித்தவர்கள் உண்டு. எடுத்த பிரதியை வேறொரு கணனியில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பிரதி, சமைத்துப் பார்க்காத அரிசி.

7. அழித்த பிறகு கோப்பைச் சுருக்க வேண்டுமானால், ஒப்டிமைஸ் டேபிள் என்ற கட்டளை இருக்கிறது. அட்டவணை தனிக் கோப்பில் இருந்தால் இடம் டிஸ்குக்குத் திரும்பும். ஆனால் அது பழைய கோப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டி முடித்துவிட்டுத்தான் பழையதை விடும். கிட்டத்தட்ட அதே அளவு வெற்றிடம் அதற்கு வேண்டும். டிஸ்க் முழுவதும் நிறைந்த பிறகு இதைச் செய்ய வெளிக்கிட்டால் நடுவில் நின்றுவிடும்.

8. ஆகவே முன்கூட்டிப் பாருங்கள். டிஸ்கில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்போதே வேலையைத் தொடங்குவது என்று இப்போது நாங்கள் வைத்திருக்கிறோம். மாதத்தின் முதற் சனிக்கிழமை, எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுகிறோம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. கணக்கு அக்சஸ் மென்பொருளில் இருந்தால், டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு கோப்பு 2 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. கொம்பாக்ட் அண்ட் ரிப்பெயர் என்ற வசதியால் இடைக்கிடை சுருக்க வேண்டும். அதற்கும் முதலில் ஒரு பிரதி எடுங்கள். எஸ்கியூஎல் சேர்வரில் ஓடும் விற்பனைக் கணனி என்றால், எல்டிஎஃப் என்று முடியும் பதிவுக் கோப்பு வீங்கி டிஸ்கை நிரப்புவது அடிக்கடி நடக்கும். முழுப் பதிவு முறையில் அமைத்துவிட்டு, அந்தப் பதிவுக்குப் பிரதி எடுக்காமல் விட்டால் அது வளர்ந்துகொண்டே போகும். பொருத்தித் தந்தவரிடம் "பதிவுக் கோப்புக்குப் பிரதி எடுக்க ஒழுங்கு செய்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். முன்பு சொன்ன கடைச் சகோதரருக்கும் இதுதான் பிரச்சினை. பிரதி எடுத்து, உரிய கட்டளையால் சுருக்கினோம். கணக்கில் ஒரு சதம் பிசகவில்லை.

சட்டைப் பையிலும் ஒரு தரவுத்தளம்

"எங்களிடம் கணனியே இல்லை" என்று சொல்பவர்களும் போன் வைத்திருக்கிறீர்கள். அதற்குள் பல தரவுத்தளங்கள் ஓடுகின்றன. வட்ஸ்அப் செய்திகள் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. அங்கும் இதே இறாக்கைக் கதைதான்.

அண்ட்ரொயிட் போனில் இடம் எடுக்கப் போகும்போது இரண்டு பொத்தான்களைக் காண்பீர்கள். ஜெர்மனில் "காஷ் லேரன்" என்று இருப்பது தற்காலிகக் கோப்புகளை மட்டும் துடைக்கும், பயமில்லை. "டாட்டன் லெஷன்" அல்லது "ஷ்பைஷர்இன்ஹால்ட் லெஷன்" என்று இருப்பது அந்தச் செயலியின் தரவுத்தளத்தையே அழித்துவிடும். புதிதாக வந்து இன்னும் பாஷை பிடிபடாதவர்கள் இந்த இடத்தில் மிகக் கவனமாக இருங்கள். பிரதி எடுத்து வைக்காவிட்டால் அம்மா ஊரில் இருந்து அனுப்பிய குரல் செய்திகளுக்குப் போகும் வழி அன்றோடு அடைபட்டுவிடும்.

வட்ஸ்அப்பில் இடம் பிடிப்பது பெரும்பாலும் எழுத்துச் செய்திகள் அல்ல, வீடியோக்கள்தான். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால், பெரிய கோப்புகளையும் பலமுறை முன்னனுப்பப்பட்டவற்றையும் தனியாகக் காட்டும். காலை வணக்கப் படங்களையும் சிரிப்பு வீடியோக்களையும் அங்கே அழியுங்கள். போனின் கோப்புறைகளுக்குள் "டேட்டாபேசஸ்" என்று ஒன்று தென்பட்டால் அதை விட்டுவிடுங்கள். அண்ட்ரொயிட்டில் கடந்த ஏழு நாட்கள் வரையான பிரதிகளை வட்ஸ்அப் அங்கே வைத்திருக்கும். போன் பழுதானால் கைகொடுப்பது அதுவாக இருக்கலாம்.

இன்னொன்று. அண்ட்ரொயிட்டில் வட்ஸ்அப் கூகிளில் எடுக்கும் பிரதி முன்பு இடக் கணக்கில் சேரவில்லை. 2024இலிருந்து அதுவும் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட்டுக்குள் சேர்கிறது. அந்த இடம் நிறைந்தால் பிரதி எடுப்பது சத்தமில்லாமல் நின்றுவிடலாம். கடைசியாக எந்த நாளில் பிரதி எடுக்கப்பட்டது என்று இன்றிரவே பாருங்கள். அனுமதி அட்டை, கடவுச்சீட்டு, நேர்முக விசாரணைக் கடிதங்களின் படங்களைப் போனில் மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால் நாளைக்கே வேறொரு இடத்திலும் போட்டு வையுங்கள்.

திரும்பி வராதது

கதையை இத்தோடு முடித்தால் நல்ல முடிவாக இருக்கும். ஆனால் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது.

அடுத்த மாசியில் பழைய மாணவி ஒருவர் பாடசாலைக்கு வந்தார். இப்போது தொழிற்பயிற்சி செய்கிறார். அவருடைய தகப்பனார் 2021இல் காலமாகிவிட்டார். எங்கள் அனுமதிப் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. "உங்கள் பிள்ளை ஏன் தமிழ் படிக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" பெற்றோர் கைப்பட எழுத வேண்டும்.

"அப்பா அதிலை என்ன எழுதினவர் எண்டு ஒருக்கால் பார்க்கலாமோ மாமா?" என்று கேட்டார்.

படிவம் 2012ஆம் ஆண்டுக்குரியது. காகிதங்களை ஸ்கான் செய்த பிறகு எறிந்துவிட்டோம். ஸ்கான் படங்களை, அந்த முதற்கிழமை, இடம் இல்லை என்று நாங்களே கூடிப் பேசி அழித்தோம். கணனியில் அவருடைய பெயர் இருந்தது, புள்ளிகள் இருந்தன. அப்பாவின் கையெழுத்து இல்லை. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லை மாமா" என்றுவிட்டுப் போய்விட்டார்.

தவறுதலாக அழித்ததைத் தம்பி மீட்டுத் தந்தார். யோசித்து அழித்தோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டது திரும்பவில்லை. ஐபிடேட்டா1ஐ அழித்த சகோதரரை அன்று எல்லோரும் ஏசினோம். ஆனால் அந்தப் படிவத்தை அழித்ததில் எங்கள் எல்லோருடைய கையும் இருந்தது.

எல்லாவற்றையும் என்றைக்கும் வைத்திருக்கவும் முடியாது. 2023 செப்டெம்பர் 1 முதல் சுவிசில் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவை முடிந்த தனிப்பட்ட விவரங்களை அழிக்க வேண்டும், அல்லது யாருடையது என்று தெரியாதபடி ஆக்க வேண்டும் என்கிறது. மற்றவர்களின் பிள்ளைகளுடைய காகிதங்களைக் கணக்கில்லாமல் சேர்த்து வைத்ததும் எங்கள் பிழைதான். ஆகவே இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். பிள்ளை பாடசாலையை விட்டுப் போகும்போது படிவங்களின் பிரதியை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குகிறோம். அதன் பிறகே எங்கள் கணனியில் இருந்து அழிக்கிறோம். அழிக்கும்போது இரண்டு பேர் பக்கத்தில் இருக்க வேண்டும். எதை, எப்போது, ஏன் அழித்தோம் என்று கொப்பியில் எழுத வேண்டும்.

உங்கள் சங்கத்திலும், கோயிலிலும், கடையிலும், போனிலும் இடம் முடியத்தான் போகிறது. அந்த நேரத்தில் "எது பெரிது?" என்று மட்டும் தேடாதீர்கள். "இது யாருடையது? அவரிடம் இதன் பிரதி இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அழியுங்கள். புதிய டிஸ்க் ஒன்றை ஒரு நாள் சம்பளத்தில் வாங்கிவிடலாம்.

வீட்டில் இருக்கும் பழைய வீடியோ கசற்றுகளைக் கணனிக்கு மாற்றுவது எப்படி என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறோம். அதற்கிடையில் இந்தக் கிழமை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

மீண்டும் சந்திப்போம். வணக்கம்.